பெட்டிக்குள் உருண்ட பந்து

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை ஐந்தரை மணிக்கு, மலையைப் பார்த்த ஒரு மொட்டை மாடியில் நிற்க இடம் கிடைக்க வேண்டுமானால், ஒன்று பூர்வ ஜன்ம புண்ணியம் செய்திருக்க வேண்டும். அல்லது அந்த ஊரில் ஒரு நல்ல சிநேகிதர் இருக்க வேண்டும். என்னுடைய புண்ணியக் கணக்கைப் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆனால் சிநேகிதர் இருக்கிறார். அவர் வீட்டு மாடியில் நின்றால் 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலை முழுவதும் கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கும்.

சென்ற தீபத்தன்று அந்த மாடியில் சுமார் முப்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். வீட்டுப் பாட்டியம்மாள் மாத்திரம் கீழே கூடத்தில் டெலிவிஷன் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "மேலே வரவில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"எதற்கப்பா? மேலே வந்தால் மலை மாத்திரந்தான் தெரியும். இங்கே கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டு வருவதும் தெரியும். மலையில் தீபம் ஏற்றுவதும் தெரியும். முழங்கால் வலியும் மிச்சம்" என்றார்.

வாதம் மிகவும் நியாயமானது. அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே காட்சி தருவது சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷங்களுக்காகக் கோயிலுக்குள் நசுங்குகிறவர்களுக்குக் கூட எல்லாருக்கும் தரிசனம் கிடைப்பதில்லை. பாட்டியம்மாளுக்கோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிடைத்துவிடுகிறது. நான் பதில் சொல்லத் தெரியாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

ஆறு மணி ஆயிற்று. மலையுச்சியில் சுடர் எழுந்தது. ஊர் முழுவதும் ஒரே குரலாக "அரோகரா!" என்று முழங்கிற்று. அப்பொழுது என் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குகிறாற்போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பாட்டியம்மாள்! சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தனை படிகளும் ஏறி வந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு நின்றார். அந்தச் சமயத்தில் காரணம் கேட்பது உசிதமல்லவென்று சும்மா இருந்துவிட்டேன்.

*

இரவு சாப்பாடு ஆன பிறகு கூடத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வாதி, சிநேகிதரின் பெண். ஒன்பதாவது வகுப்பில் படிக்கிறாள். பிரதிவாதி, சிநேகிதர். வழக்கின் விவரமாவது: அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக் கபடிக் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ள விளையாட்டு ஆசிரியை தயாராக இருக்கிறார். தினந்தோறும் மாலையில் மைதானத்தில் ஒன்றரை மணி நேரம் பழக வேண்டும். அப்பா சம்மதிக்கவில்லை.

"விளையாட்டு வேண்டாமென்று நான் சொல்லவே இல்லையே!" என்றார் சிநேகிதர். "கபடி ஆட்டம் தினம் ராத்திரி டெலிவிஷனில் வருகிறது. மாதா மாதம் பணம் கட்டி அந்தச் சேனலை வாங்கித் தந்திருக்கிறேன். ஆட்டத்தில் ஒன்று விடாமல் பார்க்கிறாள். அது போதாதா? பொழுது சாய்ந்த பிறகு பெண் குழந்தை புழுதியில் புரண்டுவிட்டு வர வேண்டுமா?"

பெண் பதில் பேசவில்லை. கோபத்தில் ரிமோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள். கிரிக்கெட் வந்தது, கால்பந்து வந்தது, கடைசியில் ஒரு வெளிதேசத்து ஆட்டம் வந்தது. பளபளவென்று எண்ணெய் பூசிய மரத்தளம். அதன் கோடியில் முக்கோணமாக நிற்கும் பத்து வெள்ளைக் கட்டைகள். ஒருவர் கனமான பந்தொன்றை உருட்டிவிட, கட்டைகள் தடதடவென்று சரிந்தன.

"பார்த்தாயா? உலகத்திலுள்ள ஆட்டமெல்லாம் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறது. நாம் வெளியே போவானேன்?" என்று சிநேகிதர் தம் வாதத்தை முடித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கள்" என்று என்னைப் பார்த்தார்.

எழுதிப் பிழைக்கிறவனிடம் தீர்ப்புக் கேட்டால் அவன் கதை சொல்லத்தான் தொடங்குவான். "தீர்ப்பு இருக்கட்டும். இப்பொழுது திரையில் வந்த ஆட்டத்தின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்றேன். நேயர்களும் கேட்கலாம்.

*

இந்த ஆட்டத்துக்குப் பெயர் பௌலிங். கிரிக்கெட்டில் வீசுகிறார்களே, அந்தப் பௌலிங் அல்ல. இது உருட்டுகிற பௌலிங். ஆட்டக்காரர் நிற்கும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரையில் 60 அடி. பந்தின் எடை 16 ராத்தல், அதாவது ஏறக்குறைய ஏழேகால் கிலோ வரையில் இருக்கலாம். பத்துக் கட்டைகளையும் ஒரே உருட்டில் சாய்த்துவிட்டால் அதற்கு 'ஸ்டிரைக்' என்று பெயர். பன்னிரண்டு ஸ்டிரைக்குகள் தொடர்ந்து விழுந்தால் 300 புள்ளி. அதற்கு மேல் புள்ளி கிடையாது.

அமெரிக்காவில் டெலிவிஷன் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கு ஏற்ற ஆட்டமாக இந்தப் பௌலிங் வாய்த்தது. அந்நாளைய காமிராக்கள் ஆட்டுக்கல்லைப் போல் கனமானவை. இருந்த இடத்தை விட்டு எளிதில் நகரமாட்டா. பெரிய மைதானத்தில் ஓடும் பந்தைத் துரத்துவது அவற்றுக்குப் பிரம்மப் பிரயத்தனம். பௌலிங்கிலோ ஒரே ஒரு நீளத் தளம். கூரைக்குக் கீழே வேண்டிய வெளிச்சம். ஒரு சமயத்தில் ஒரே ஆட்டக்காரர். பந்தை விட்ட சில விநாடிகளில் ஜயமா அபஜயமா என்று தெரிந்துவிடும். அடுத்த பந்துக்கு முன்னால் சோப்பு, சிகரெட்டு விளம்பரங்களைக் காட்டிவிடலாம். முதலாளிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு காரியமும் அதே சமயத்தில் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் சாய்ந்த கட்டைகளைக் கூலிப் பையன்கள் குனிந்து குனிந்து நிமிர்த்தி வைப்பார்கள். 1946-ம் வருஷம் அதற்கு ஓர் இயந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். 1950-க்குப் பிறகு அது கூடந்தோறும் வந்து சேர்ந்தது. ஆட்டமும் துரிதப்பட்டது; கூடங்களும் பெருகின. 1950-களில் சிக்காகோ நகரிலிருந்து 'சாம்பியன்ஷிப் பௌலிங்' என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதில் வர்ணனை செய்தவர், ஆட்டக்காரரின் கவனம் சிதறாதிருக்க வேண்டி, ரகசியம் பேசுவதுபோல மெல்லிய குரலில் பேசுவார். 'கிசுகிசுக்கும் ஜோ' என்றே அவருக்குப் பட்டப் பெயர் வந்துவிட்டது.

பிறகு பணம் உள்ளே நுழைந்தது. 1959-ல் தொடங்கிய 'ஜாக்பாட் பௌலிங்' நிகழ்ச்சியில் ஆறு ஸ்டிரைக்குகள் தொடர்ந்து போட்டவருக்குப் பெரும் பரிசு. யாரும் ஜயிக்காவிட்டால் அடுத்த வாரம் தொகை ஏறும். டெலிவிஷனுக்கே அரசர் என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட ஹாஸ்ய நடிகர் மில்டன் பெர்ல், 1960-ல் இந்த நிகழ்ச்சியை நடத்த வந்து சேர்ந்தார். 1961-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி தெர்மன் கிப்ஸன் என்பவர் ஆறு ஸ்டிரைக்கும் போட்டு 75,000 டாலரைத் தட்டிக்கொண்டு போனார். அதே வருஷத்தில் நிகழ்ச்சியும் நின்றுபோயிற்று! பணத்துக்காகப் பார்க்கத் தொடங்கியவர்கள் அதைவிடப் பெரிய பணம் தெரியும் இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பதற்கு வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆட்டத்தை நேசித்தவர்கள் வேறு வழியில் போனார்கள். எட்டி இலியாஸ் என்ற வக்கீல், 1958-ல் 33 ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு தொழில்முறைச் சங்கம் ஸ்தாபித்தார். அந்தச் சங்கத்தின் பந்தயங்களை 1962 முதல் ஏ.பி.ஸி. நிறுவனம் சனிக்கிழமைப் பிற்பகலில் காட்டலாயிற்று. கிரிஸ் ஷெங்கெல் என்ற வர்ணனையாளரின் குரல் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டு மாமாவின் குரலைப் போலப் பழகிவிட்டது. 1967-ல் ஜாக் பியோண்டொலில்லோ என்ற இளைஞர் தேசமே பார்த்துக்கொண்டிருக்கையில் பன்னிரண்டு ஸ்டிரைக்கும் போட்டு 300 எடுத்தார். தேசிய ஒளிபரப்பில் அவ்விதம் நடந்தது அதுவே முதல் தடவை.

எனக்கு இவற்றிலெல்லாம் அதிகம் பிடித்தது 'பௌலிங் ஃபார் டாலர்ஸ்' என்ற சாதாரண நிகழ்ச்சிதான். ஒவ்வோர் ஊர் ஸ்டேஷனும் தன் ஊராரை வைத்தே இதை நடத்திற்று. கொல்லரும் குமாஸ்தாவும் பாட்டிமாரும் வருவார்கள். பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்வார்கள். சபையில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளைக் காட்டுவார்கள். பந்தை உருட்டி அற்ப சொற்பத் தொகையை வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டிலிருந்து கார்டு எழுதிப் போட்டவர்களில் ஒருவர் பெயரைக் குலுக்கி எடுத்து, அவருக்கும் பரிசில் பங்கு கொடுப்பார்கள். பெட்டிக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒரே தெருக்காரர்களாக இருந்த காலம் அது.

*

"அப்புறம்?" என்றாள் அந்தப் பெண். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததுதான் கதை. 1997-ம் வருஷம் ஜூன் மாதம் 21-ந் தேதி ஏ.பி.ஸி. கடைசிப் பந்தயத்தைக் காட்டிவிட்டுக் கையைக் கழுவிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்து உறவு! சேனல்கள் நூற்றுக்கணக்காகப் பெருகிவிட்டன; பார்க்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது; விளம்பரக்காரர்களோ இளைஞர்களைத் தேடினார்கள். ஆட்டத்தில் குறை ஒன்றுமில்லை. கணக்கில்தான் குறை.

ஆனால் அதற்கு வெகு நாள் முன்பே வேறொன்று நடந்துவிட்டது. ராபர்ட் புட்னம் என்ற ஹார்வர்டு பேராசிரியர் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார். 1980-க்கும் 1993-க்கும் இடையில் அமெரிக்காவில் பௌலிங் ஆடுகிறவர்களின் தொகை நூற்றுக்குப் பத்து அதிகரித்தது. ஆனால் கோஷ்டியாகச் சேர்ந்து வாராவாரம் பந்தயம் ஆடுவது நூற்றுக்கு நாற்பது குறைந்துவிட்டது. அதாவது, பந்து உருண்டது, கட்டை சாய்ந்தது, கூட இருந்து கைதட்டும் கோஷ்டி மாத்திரம் கலைந்துவிட்டது. தேசத்தில் ஜனங்கள் ஒருவரோடொருவர் கூடி வாழும் பழக்கமே தேய்ந்து வருவதற்கு இதை அடையாளமாக வைத்து, 2000-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார் அவர். அதற்குக் காரணமென்று அவர் குற்றம் சாட்டியவர்களின் வரிசையில் டெலிவிஷனும் உண்டு. எந்தப் பெட்டி ஆட்டத்தை வீடுதோறும் கொண்டுபோயிற்றோ, அதுவே ஆட்டக்காரர்களை வீட்டிலேயே உட்கார்த்திவிட்டது!

ஆட்டம் செத்துவிடவில்லை. 2000-ல் மூன்று செல்வர்கள் அந்தச் சங்கத்தை வாங்கி உயிர்ப்பித்தார்கள். இன்றும் பந்தயங்கள் நடக்கின்றன. ஆனால் வீட்டு மாமாவாக இருந்தது விருந்தாளியாகிவிட்டது.

*

"அது அமெரிக்கா" என்றார் சிநேகிதர்.

நம் கதையையும் பார்ப்போம். பாரத தேசத்தில் டெலிவிஷன் பரீக்ஷார்த்தமாக டில்லியில் தொடங்கியது 1959-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி. சென்னைக்கு வந்தது 1975-ம் வருஷம் சுதந்திர தினத்தன்று. 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுக்களோடு வர்ணம் வந்தது. அடுத்த வருஷமே கபில்தேவின் கோஷ்டி உலகக் கோப்பையை வாங்கிற்று. அன்று முதல் இந்தியாவில் பெட்டி என்றால் கிரிக்கெட், கிரிக்கெட் என்றால் பெட்டி. சென்னையில் ஷபீர் தன்கோட் என்ற பௌலிங் வீரர் இருக்கிறார். தேசிய சாம்பியன் பட்டத்தைப் பல முறை வென்றவர். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பெட்டி காட்டாதவரை நாம் பார்ப்பதில்லை. நாம் பார்க்காதவரை பெட்டி காட்டுவதில்லை.

ஆயினும் ஒரு வேடிக்கை. அந்த 1983-ம் வருஷத்து உலகக் கோப்பையிலே, ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டத்துக்கு ஐந்து பேரை இழந்து தவித்தபோது, கபில்தேவ் தனி ஒருவராக 175 ஓட்டம் எடுத்துக் காப்பாற்றினாரல்லவா? அந்த ஆட்டத்தைப் படம் பிடித்தவர்களே இல்லை. ஒரு துண்டுப் படமும் கிடையாது. இருந்தும் இந்தியாவில் அதை அறியாத கிரிக்கெட் ரஸிகர் உண்டா? மைதானத்தில் உண்மையாக நடந்தது, பெட்டி இல்லாமலும் நிலைத்துவிடுகிறது.

கபடிக்கு வருவோம். அதன் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. சின்னத் தளம், ஒரு சமயத்தில் ஒரு வீரர், உடனே முடிவு. பௌலிங்குக்கு வாய்த்த லக்ஷணங்கள் யாவும் இதற்கும் உண்டு. 2014-ம் வருஷம் ஜூலை மாதத்தில் புரோ கபடி தொடங்கியதும், புழுதி போய் ரப்பர் விரிப்பு வந்தது. வர்ண விளக்குகள் வந்தன. 2017-ல் 'தமிழ் தலைவாஸ்' என்று நமக்கும் ஒரு கோஷ்டி வந்தது. கிராமத்து வீரர்களுக்கு லக்ஷக்கணக்கில் சம்பளம் கிடைக்கலாயிற்று. டெலிவிஷன் செய்த இந்த உபகாரத்தை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் 2016-ல் பெண்களுக்கென்று மூன்று கோஷ்டிகளை வைத்து ஒரு பந்தயம் காட்டினார்கள். அந்த ஒரு வருஷத்தோடு அது நின்றுவிட்டது. பெண்கள் ஆடுவதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பஹ்ரைன் தேசத்தில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுக்களில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தி சென்னைக் கண்ணகி நகர்ப் பெண். அவளைத் தயார் செய்தது எந்தச் சேனலும் அல்ல. வீட்டுப் பக்கத்து மைதானமும், தினம் தவறாமல் அங்கே வந்து கற்றுக்கொடுத்த பயிற்சியாளரும், கூட ஆடிய சிநேகிதிகளுந்தான்.

இன்னும் ஒரு விஷயம். 1993-ல் கல்கத்தாவில் ஹீரோ கோப்பைப் பந்தயம் நடந்தபோது, அதை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் தகராறு எழுந்தது. அரை இறுதி ஆட்டத்தில் கடைசி ஓவரை வீசி, மூன்றே ஓட்டம் கொடுத்து, சச்சின் டெண்டுல்கர் இந்தியாவை ஜயிக்க வைத்தார். அவருடைய ஓவர் ஆறு பந்தில் முடிந்துவிட்டது. வழக்கு முடிய 1995-ம் வருஷம் பிப்ரவரி ஆயிற்று. அன்று சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பின் சாரம் இது: ஆகாயத்தில் செல்லும் ஒளிபரப்பு அலைகள் பொதுஜனங்களின் சொத்து, சர்க்காருக்கோ முதலாளிகளுக்கோ அவை ஏகபோகம் அல்ல. 2007-ல், தேசிய முக்கியத்துவம் உள்ள பந்தயங்களைத் தூரதர்சனோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று சட்டமும் வந்தது.

நல்ல தீர்ப்பு; நல்ல சட்டம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆகாய அலை ஜனங்களின் சொத்தென்றால், கண்ணுக்கெதிரே கிடக்கும் மைதானம் யாருடைய சொத்து? அதில் பாதி பெண் குழந்தைகளுக்குச் சேராதா? பார்க்கும் உரிமைக்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனோம். ஆடும் உரிமை கேட்டு நம் வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தை நிற்கும்போது, 'டெலிவிஷனில் பார்த்துக்கொள்' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

*

நான் நிறுத்தினேன். சிநேகிதர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு இன்னும் பாக்கி.

மூலையில் படுத்திருந்தவர் தூங்குகிறார் என்று நாங்கள் எண்ணியிருந்த பாட்டியம்மாள் எழுந்து உட்கார்ந்தார். "ஏன்டா, சாயங்காலம் நான் மாடி ஏறி வந்தேனே, எதற்கென்று நினைத்தாய்?" என்று பிள்ளையைக் கேட்டார்.

"தீபம் பார்க்கத்தான்."

"தீபந்தான் பெட்டியிலேயே நன்றாகத் தெரிந்ததே! மாடியிலிருந்து பார்த்ததைவிடப் பெரிதாகவே தெரிந்தது. ஆனால் நீங்களெல்லாம் மேலே அரோகரா போட்டீர்கள். நான் கீழே தனியாக இருந்துகொண்டு யாரோடு அரோகரா போடுவேன்? பெட்டி திருப்பிப் போடுமா?"

கூடத்தில் சிறிது நேரம் சப்தமே இல்லை. திறந்திருந்த ஜன்னலுக்கு அப்பால் மலையுச்சியில் தீபம் நின்று எரிந்துகொண்டிருந்தது.

"சரி, போகட்டும்" என்றார் சிநேகிதர் கடைசியில். "ஆனால் ஆறரை மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்."

"ஏழு மணி" என்றார் பாட்டியம்மாள். "கை கால் கழுவிக்கொண்டு வர நேரம் வேண்டாமா? புழுதி லேசில் போகாது."

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டெலிவிஷனை அணைத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சம்மதக் கடிதத்தையும் பேனாவையும் அப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். கடிதம் எப்போதோ எழுதித் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.